ஊர் கூடி எழுதும் களஞ்சியம்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையில் மெட்ரோ இரயில் தடம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நீட்டிக்கப்பட்டது. அத்தடத்தில் அமைந்த நிலையங்களுள் ஒன்றின் பெயர் காலடிப்பேட்டை. இப்பெயரைக் கேட்போர், இறைவன் காலடியோ அடியார் ஒருவரின் காலடியோ பட்ட இடம் போலும் என்று பொருள் கொள்வது இயல்பே. வரலாறு கூறுவது வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கும்பெனியின் ஆளுநராக விளங்கிய ஜோசப் காலெட் என்பார், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்க்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அவர் பெயரால் காலெட்பேட்டை என வழங்கிய அவ்விடம் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. நாள்தோறும் வரதராசரை வழிபட்டு வரும் பழக்கத்தால் வேலைக்குத் தாமதித்து வந்த ஊழியர் ஒருவர் பொருட்டு, ஆளுநரே அங்குள்ள பெருமாள் கோயிலை எழுப்புவித்தார் என்றொரு கதையும் அப்பகுதியில் உண்டு.

ஓர் ஊர்ப்பெயருக்குள் ஆவணம் ஒன்று, செவிவழிக் கதை ஒன்று, பெயரொலியைக் கொண்டு பிறந்த கற்பனை ஒன்று என மூன்று அடங்கியுள்ளன. இம்மூன்றையும் கலவாமல் பிரித்துக்காட்டி, மூன்றனுள் எதனையும் இழந்துவிடாமல் காப்பது களஞ்சியம் தொகுப்பார் தொழில். அத்தொழிலைத் தமிழில் தொடங்கியவர்களும் இன்று தொடர்பவர்களும் பெரும்பாலும் கைப்பொருள் இழந்தும் கண்விழித்தும் உழைத்தவர்களே. அவர்கள் வரலாற்றையும், அவ்வரலாற்றில் வடசென்னை போன்ற ஓர் உழைப்பாளர் நிலப்பகுதி பெற்றுள்ள இடத்தையும், பெறாத இடத்தையும் எண்ணிப் பார்ப்பது, தமிழ்த் தொண்டு புரியும் மன்றம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் பொருத்தமுடையதாகும்.

தனியொருவர் தவம்

சொற்களுக்குப் பொருள் கூறும் நிகண்டு மரபு தமிழில் தொன்மையானது. பெயர்களையும் செய்திகளையும் அகரநிரலில் அடுக்கி விளக்கும் இக்கால முறைக் களஞ்சியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருப்பெற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அபிதான கோசம்’ இவ்வகையில் முன்னோடி நூலாகும். கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் தோன்றிய இம்முதல் முயற்சிக்கும், நூறாண்டு கழித்து நிகழ்ந்த மற்றொரு தொடக்கத்திற்கும் உள்ள ஒற்றுமை பின்னர் விளங்கும்.

அடுத்து வந்தது ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’. அவர் சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். பச்சையப்பன் மண்டபம் நிற்கும் கறுப்பர் நகரத்தின் வடக்கு மதிலுக்கு அப்பால் விரிந்ததே வண்ணாரப்பேட்டை. அம்மதிலின் எஞ்சிய பகுதிமேல் அமைந்த மாடிப் பூங்கா இன்றும் அந்த எல்லையை நினைவூட்டுகிறது. அம்மதிலுக்குள் பகலில் பாடம் சொல்லி, எஞ்சிய பொழுதில் புராண இதிகாசப் பெயர்களைத் திரட்டத் தொடங்கிய அவருடைய பணி, ஆண்டுகள் செல்லச் செல்ல அரசர், புலவர், நூல்கள், தலங்கள், மருந்துகள், சமயங்கள் எனக் கிளைத்துப் பெருகியது.

எழுதி முடித்த பின்னர்தான் துன்பம் தொடங்கியது. அச்சிடப் பொருள் வேண்டிச் சென்னைச் செல்வர் பலரை அவர் அணுகியும் பயன் விளையவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் துணைநின்றதால் 1910ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறியது. முதற்பதிப்புக்குப் பின்னரும் முதலியார் ஓய்ந்திருக்கவில்லை. திருத்தியும் சேர்த்தும் வந்தார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1934ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. அவர் மைந்தரே அப்பணியை நிறைவேற்றினார்.

ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் எழுதினும் களஞ்சியம் முடிவதில்லை என்பது இவ்வரலாற்றால் புலப்படும். அவர் காலமானதும் திருத்தும் கையும் நின்றுவிடுகிறது. நூலில் புகுந்த பிழை அடுத்த பதிப்பு வரும் வரையில் பிழையாகவே நிற்கிறது. மேலைநாட்டாரும் இவ்விடரை உணர்ந்தே பலர் கையை நாடினர். 1879ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மர்ரே என்னும் அறிஞர், ஆங்கிலம் பயிலும் பொதுமக்கள் தாம் படிக்கும் நூல்களிலிருந்து சொற்களையும் மேற்கோள்களையும் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புமாறு வேண்டுகோள் விடுத்தார். இலட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அச்சீட்டுகளின்மேல் எழுந்தது. 1928ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அதற்குள் மர்ரே காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.

கவிஞர் ஒருவர் சுமந்த பணி

நாடு விடுதலை பெற்ற காலத்தில் தமிழில் பெருங்களஞ்சியம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1946ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம் அப்பணியை மேற்கொண்டது. முதன்மைப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றவர் ம. ப. பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954ஆம் ஆண்டிலும், ஒன்பதாம் தொகுதி 1963ஆம் ஆண்டிலும், இணைப்பாக அமைந்த பத்தாம் தொகுதி 1968ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அதனை அடுத்துக் குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதிகளும் அவர் பொறுப்பிலேயே உருவாயின.

தூரன் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர், சிறுகதையும் நாடகமும் எழுதியவர். அத்தகையவர் தம் வாழ்வின் செழிப்பான ஆண்டுகளைப் பிறர் எழுதிய கட்டுரைகளைச் செப்பனிடுவதில் செலவிட்டார். பௌதிகமும் தாவரவியலும் தமிழில் எழுதப் பழகாத அறிஞர்களின் கட்டுரைகளுக்கு ஏற்ற சொல் காண வேண்டியிருந்தது. ஒரு துறையார் வழங்கும் சொல்லை மற்றொரு துறையார் ஏற்கும்படி செய்ய வேண்டியிருந்தது. அகர வரிசையில் ஒரு கட்டுரை வாராவிடின் தொகுதி முழுவதும் காத்துக் கிடக்கும். எழுத்தாளன் ஒருவன் பிறர் எழுத்துக்காகத் தன் எழுத்தை ஒத்திவைப்பதன் பொருளைக் கவிஞர்களே நன்கு அறிவர்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னர் வாழ்வியற் களஞ்சியம், அறிவியல் களஞ்சியம் என்னும் பெருந்தொகுதிகளை வெளியிட்டது. இவை யாவும் அறிஞர் எழுத, நிறுவனம் பதிப்பிக்க, மக்கள் படிக்க என்னும் முறையில் அமைந்தவை. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே ஒரு சுவர் இருந்தது. தொகுதிகளின் விலையும் எடையும் அச்சுவரை மேலும் உயர்த்தின. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைப்போர் இல்லங்களுக்குள் அவை புக இயலவில்லை; நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.

திரையில் ஏறிய தமிழ்

அச்சுவர் இடிய மூன்று மாற்றங்கள் வேண்டியிருந்தன. தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் ஒரே வகையாகத் தோன்றுவது ஒன்று. தொண்டர்கள் ஊர் கடந்து கூடி உழைக்கும் பழக்கம் இரண்டு. படிப்பவரே திருத்தக்கூடிய ஏடு மூன்று.

1990களில் தமிழ்க் கணினி எழுத்துருக்கள் பலவாய்ப் பிரிந்து கிடந்தன. ஒருவர் அனுப்பிய மடல் மற்றொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரம் காண முயன்றது. பின்னர் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறி நிலைபெற்றதால் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது.

தொண்டர் கூடி உழைக்கும் பழக்கத்திற்கு மதுரைத் திட்டம் வழிகாட்டியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தம் கையாலேயே தட்டச்சு செய்து, ஒருவர் செய்ததை மற்றவர் மெய்ப்புப் பார்த்து, யாவர்க்கும் விலையின்றி வழங்கினர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலேயே ஒரு நூலைப் பதிப்பிக்க முடியும் என்பது அதனால் மெய்ப்பட்டது.

மூன்றாவது மாற்றம் 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் நிகழ்ந்தது. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் அந்நாளில் ஆங்கில விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். ‘விக்கி’ என்பது விரைவு எனப் பொருள்படும் அவாய் மொழிச் சொல். ஏட்டின் மேற்புறத்தில் ‘தொகு’ என்னும் ஒரு பொத்தான் இருக்கும். அதனை அழுத்தும் எவரும் அந்த ஏட்டை மாற்றலாம். மாற்றியவர் பெயரும் நேரமும் மாற்றத்திற்கு முன்னிருந்த வடிவமும் ‘வரலாறு’ என்னும் பக்கத்தில் அழியாமல் நிற்கும். எவரும் கெடுக்கலாம் என்னும் அச்சத்திற்கு, எவரும் ஒரு நொடியில் முந்திய வடிவத்தை மீட்கலாம் என்னும் ஏற்பாடே விடையாக அமைந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கம் 2003ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தது. செப்டம்பரில் திறக்கப்பட்ட தளம் வெறும் கூடாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும், கட்டடக் கலைஞராக ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றியவருமான இ. மயூரநாதன் நவம்பரில் அதற்குள் நுழைந்தார். பக்கத்தின் தலைப்புகளையும் கட்டளைகளையும் தமிழாக்கினார். கட்டுரைகளை ஒவ்வொன்றாக எழுதலானார். முதல் ஓராண்டு ஏறத்தாழ அவர் தனியாளாகவே உழைத்தார் எனலாம். நாள்தோறும் அலுவலகம் முடிந்து வந்து, படிப்பார் இன்னாரென்று அறியாத ஓர் ஏட்டில் எழுதிய அவருடைய நிலை, புராணப் பெயர்களைத் திரட்டிய பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் நிலையினின்றும் வேறுபட்டதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்காரவேலு முதலியார் தேடிச் சென்ற புரவலர் போன்ற ஒருவரை மயூரநாதன் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் வைத்த செங்கல்மேல் அடுத்த செங்கலை வைக்க முன்பின் அறியாதவர்கள் தாமே வந்தனர். தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் பொறியாளர், ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றோர் எனப் பலர் சேர்ந்தனர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் அறிவியல் கட்டுரைகளுக்கும் கலைச்சொல்லாக்கத்திற்கும் உழைத்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டிற்குரிய இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கியது. படைப்பிலக்கியத்தோர் பலர் பெற்ற ஒரு விருது, களஞ்சியம் தொகுத்த ஒருவரைத் தேடிச் சென்றது குறிப்பிடத்தக்கது.

முதல் அபிதான கோசமும் முதல் இணையக் களஞ்சியமும் யாழ்ப்பாணத்தார் கையால் தொடங்கப்பெற்றன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், 2005ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்க நூலகம் திட்டம் தோன்றியதையும் இதனோடு சேர்த்து எண்ணுவோர்க்கு, ஏடு எரியக் கண்ட ஒரு மக்கள் கூட்டம் எரியாத ஏட்டை நாடிச் சென்றதில் வியப்பு தோன்றாது.

ஆலமரத்தடியில்

தமிழ் விக்கிப்பீடியர் தம் பொது உரையாடல் பக்கத்திற்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டனர். புதியவர் எழுதிப் பழகும் இடத்திற்கு மணல்தொட்டி என்று பெயர். ஊர் மன்றமும் திண்ணைப் பள்ளியும் கணினித் திரையில் மீண்டும் உயிர்பெற்றன எனலாம். அம்மரத்தடியில் நிகழ்ந்த வழக்குகளுள் பல, தமிழ் மொழியின் அடிப்படை வினாக்களே.

ஆஸ்திரேலியாவா, அவுஸ்திரேலியாவா என்பது ஒரு வழக்கு. முன்னது தமிழக வழக்கு. பின்னது ஈழ வழக்கு. இரயில், தொடர்வண்டி, தொடருந்து, புகையிரதம் என ஒரே வண்டிக்குப் பல பெயர்கள். கிரந்த எழுத்துகளை எவ்வளவு ஆளலாம் என்பது ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்கு. அச்சு நூலாயின் பதிப்பாசிரியர் ஒருவர் முடிவு செய்துவிடுவார். இங்கே முடிவு செய்யும் தனியதிகாரம் எவர்க்கும் இல்லை. ஆகவே ஒரு வழக்கைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றை வழிமாற்றாக அமைத்தனர். ஈழத்தவர் தம் சொல்லைத் தேடினும் தமிழகத்தவர் தம் சொல்லைத் தேடினும் ஒரே ஏட்டிற்கு வந்து சேர்வர். இரு கரைத் தமிழும் ஒரே ஏட்டில் நாள்தோறும் வாதிட்டும் இணங்கியும் எழுதப்பட்டதற்கு இத்துணை நீண்ட சான்று அச்சு வரலாற்றில் காண்பது அரிது.

நிருவாகி என்னும் காவலர்

கூட்டம் பெருகப் பெருகக் காவலும் வேண்டியதாயிற்று. நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற பயனர் சிலரை, ஏனைய பயனர்கள் வெளிப்படையாகக் கருத்துரைத்து நிருவாகிகளாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தகாத பக்கத்தை நீக்குதல், அடிக்கடி சிதைக்கப்படும் பக்கத்தைப் பூட்டுதல், தொடர்ந்து தீங்கு செய்வாரைத் தடுத்தல் ஆகிய மூன்றும் அவர்க்குரிய கருவிகள். கட்டுரையின் கருத்தில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு ஏதும் இல்லை. நேற்று வந்த மாணவன் தக்க சான்று காட்டினால் பத்தாண்டு நிருவாகியும் பணிய வேண்டும். ஊதியம் கிடையாது, அலுவலகம் கிடையாது.

அவர் பணியின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாதது. ‘அண்மைய மாற்றங்கள்’ என்னும் பட்டியல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். நடிகர் ஒருவர் பக்கத்தில் ஒருவன் வசைச்சொல் எழுதியிருப்பான். சாதிப் பெருமை பேசும் பத்தி ஒன்று ஓர் ஊரின் பக்கத்தில் ஏறியிருக்கும். வணிக நிறுவனம் ஒன்றின் விளம்பரம் கட்டுரை வேடம் பூண்டு வந்திருக்கும். உயிரோடு இருப்பவர் இறந்ததாகச் செய்தி புகுந்திருக்கும். இவற்றை நீக்குவது எளிது. நீக்கப்பட்டவர் சினத்தை ஏற்பதே அரிது. தம் முன்னோர் பெருமையை அழித்துவிட்டார் என்று ஏசுவோர்க்கும், தம் கவிதை நூலுக்குத் தனிக் கட்டுரை ஏன் இல்லை என்று கேட்போர்க்கும், அதே விதியைப் பொறுமையுடன் மீண்டும் மீண்டும் எடுத்துக் கூறுதல் அவர் கடமை. நன்றாகச் செய்யப்பட்ட காவலுக்கு அடையாளம் எதுவும் இராது. படிப்பவர் தூய ஏட்டைக் கண்டு செல்வார்.

இக்காவலுக்குப் பெருஞ்சோதனை ஒன்று 2009ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் சேர்க்கலாயிற்று. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்தது. ஆயின் அவற்றின் நடை தமிழாக இல்லை. தலைப்புகளோ தமிழ் வாசகர் தேவையை எண்ணித் தேர்ந்தவையல்ல. எழுதியவர் பின்னர் வந்து திருத்துவதும் இல்லை. வங்க மொழி விக்கிப்பீடியர் இம்முறையை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர் நிறுவனத்தாரோடு பேசினர். தலைப்புகளைத் தமிழ்ப் பயனர்களே பரிந்துரைப்பது, உள்ள பிழைகளைத் திருத்துவது, எண்ணிக்கையினும் தரத்தை நோக்குவது என்னும் கோரிக்கைகளை முன்வைத்தனர். உலகப் பெருநிறுவனம் ஒன்றிடம் சம்பளமில்லாத் தொண்டர் சிலர், இஃது எங்கள் மொழி, இவ்வாறு எழுதலாகாது என்று சொன்ன அந்நிகழ்ச்சி தமிழ் உரைநடை வரலாற்றில் குறிக்கத்தக்கது. எந்திர மொழிபெயர்ப்பு நொடிப்பொழுதில் பக்கம் பக்கமாகப் பொழியும் இந்நாளில் அதன் பொருள் மேலும் தெளிவாகிறது.

2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசோடு இணைந்து மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் பத்தாண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது, திரையில் பெயர்களாக மட்டும் அறிந்திருந்தோர் பலர் முதன்முறையாக ஒருவரை ஒருவர் நேரில் கண்டனர். 2017ஆம் ஆண்டில் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. உடன்பிறந்த திட்டமாகிய விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஈராயிரத்திற்கு மேல் ஏறின.

சான்று இல்லாத ஊர்

இவ்வளவு பெரிய கூட்டுழைப்பும் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறது. எவரும் எழுதலாம் என்னும் களஞ்சியத்தில், எதனையும் எழுதிவிட முடியாது. நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு கூடாமை ஆகியன அதன் அடிப்படைக் கொள்கைகள். எழுதப்படும் செய்தி நம்பத்தக்க வெளியீடு ஒன்றில் முன்னரே வந்திருத்தல் வேண்டும். இவ்விதி இல்லையெனில் காலடிப்பேட்டைக்கு ஆளாளுக்கு ஒரு தலபுராணம் எழுதிவிடுவர். நிருவாகி எதனைக் கொண்டு தீர்ப்பது? விதி நன்றே. ஆயின் அதன் சுமை எல்லா ஊர்மேலும் சமமாக விழுவதில்லை.

கும்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. ஏற்றிய துணிக்குக் கும்பெனியின் கணக்கு உண்டு. வெளுத்தவர் பெயருக்குக் கணக்கு இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது எல்லா நூலிலும் உள்ளது. அத்தடத்திற்கு மண் சுமந்தோர் எவ்வூரார் என்பதைத் தேடுவோர்க்கு எளிதில் விடை கிடைக்காது. 2017ஆம் ஆண்டு சனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசத்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படர்ந்தது. அந்நாள்களின் நாளேடுகள் அனைத்தும் சான்றாக நிற்கின்றன. ஆனால் அக்கழிமுகத்து மீனவர் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் மீனுக்கும் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் வாய்மொழியிலேயே உள்ளன. துன்பம் வந்த நாளில் இப்பகுதி ஏடேறுகிறது. பிழைத்த நாள்களில் ஏடேறுவதில்லை.

புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவரைப் பற்றிக் களஞ்சியத்தில் எழுதச் சான்றுகளுக்குக் குறைவில்லை. அத்தகைய ஆட்டக்காரரை வளர்த்த தெருமுனைக் கேரம் மன்றங்கள் எப்போது தோன்றின, யார் பலகை வாங்கிக் கொடுத்தார், எந்த விளக்கின் கீழ் ஆட்டம் நடந்தது என்று எழுத முயல்வோர் மேற்கோள் காட்ட ஏதுமின்றி நிற்பர். இறப்பு வீட்டில் இரவெல்லாம் ஒலிக்கும் கானாவும் அவ்வாறே. பாடியவர் மறைய, பாட்டும் மறைகிறது.

இக்குறையை விக்கிப்பீடியர் உணராமல் இல்லை. 2011ஆம் ஆண்டில் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விக்கிப்பீடியர் சிலர் சிற்றூர்களுக்குச் சென்று, விளையாட்டையும் உணவையும் சடங்கையும் பற்றி முதியோர் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளையே சான்றாகக் காட்ட முயன்றனர். அம்முயற்சி பெரும் விவாதத்தை எழுப்பியது. பொது விதியாக நிலைபெறவில்லை. வாய்மொழியை நம்பினால் பொய் புகும் என்பர் ஒரு சாரார். அச்சை மட்டும் நம்பினால், அச்சு எட்டாதவர் வரலாறே இல்லாதவர் ஆவர் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் மெய்.

மன்றங்களின் கடன்

இவ்விரண்டு மெய்களுக்கும் இடையே இலக்கிய மன்றம் ஒன்று செய்யத்தக்க பணி உள்ளது. வாய்மொழிக்கும் களஞ்சியத்திற்கும் நடுவே ஒரு படி குறைகிறது. அஃது அச்சு. முறையாகக் கேட்டு, முறையாகக் குறித்து, ஒப்புநோக்கி அச்சிடும் பணியைப் பல்கலைக்கழகம் வந்து செய்யும் என்று காத்திருத்தல் வேண்டா. வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் வாழும் கவிஞர்களுக்குத் தெரு தெரியும், முதியோர் தெரியும், அவர்தம் சொல்லின் சுவையும் தெரியும்.

அதற்கு ஒழுங்கு வேண்டும். சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார், கண்டதைச் சொன்னாரா, கேட்டதைச் சொன்னாரா என்பன குறிக்கப்படல் வேண்டும். ஒருவர் கூற்றுக்கு மாறாக மற்றொருவர் கூறின் அதனையும் மறைக்காது பதிதல் வேண்டும். கதையைக் கதையென்றும் ஆவணத்தை ஆவணமென்றும் எழுதுதல் வேண்டும். மன்றம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் புகழுரையைக் களஞ்சியம் ஏற்காது, ஏற்றலும் ஆகாது. ஒரு தெருவின் நெசவைப் பற்றியும் ஒரு கழிமுகத்தின் மீன்களைப் பற்றியும் ஒரு மறைந்த கானாப் பாடகரைப் பற்றியும் பெயர், ஆண்டு, இடம் குறித்து எழுதப்பட்ட கட்டுரை, பிற சான்றுகளோடு வைத்து எடைபோடத் தக்கதாகும். நிருவாகியின் கையில் எடைபோட ஒன்றேனும் இருக்கும்.

1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நாட்டில் வெளிவரும் ஒவ்வொரு நூலின் படியும் சேர வேண்டிய நூலகங்களுள் சென்னைக் கன்னிமரா நூலகமும் ஒன்று. மன்ற மலர்கள் பல விழா மேடையில் வழங்கப்பட்டு, வீட்டுப் பரணில் உறங்கி, பழைய காகிதக் கடையில் முடிவுறுகின்றன. அவற்றின் ஒரு படியைக் கன்னிமராவிலும், மற்றொரு படியை வட்டார நூலகத்திலும் சேர்ப்பது சிறு செலவு. பக்கங்களைப் படமெடுத்து மின்வடிவில் பொதுவில் வைப்பது அதனினும் சிறு செலவு. அதன் பின்னர் உறுப்பினர் ஒருவர் மணல்தொட்டியில் எழுதிப் பழகி, தம் தெருவின் பக்கத்தைத் தொடங்கலாம். முதல் கட்டுரை நீக்கப்படின் சினம் கொள்ளாது, நீக்கியவர் கேட்ட சான்றைத் தேடிச் சென்று மீண்டும் எழுதலாம்.

சிங்காரவேலு முதலியார்க்கு ஒரு பாண்டித்துரைத் தேவர் தேவைப்பட்டார். தூரனுக்கு ஒரு கழகம் தேவைப்பட்டது. மயூரநாதனுக்குப் பின்வந்த தொண்டர்களுக்கு வேண்டியது தமிழ்நாட்டு ஊர் ஒவ்வொன்றிலும் தன்னூரைக் கேட்டெழுதும் சிலர். வெளுத்த துணிக்குக் கணக்கு எழுதியவர் கும்பெனியார். வெளுத்தவர்க்குக் கணக்கு எழுத வேண்டியவர் அவ்வூரார். அதைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டெழுதும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது.